ஸ்டேஷன் வேகன் ஜட்ஜ்

எண்பதுகளில் நியூஜெர்ஸியின் பிஸ்கட்டவே வட்டாரத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றுகூடச் சண்டை வழக்கென்று கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. நாங்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். புருஷன் பெண்டாட்டி சண்டை, பார்க்கிங் சண்டை, இரவல் வாங்கிய இட்லித் தட்டைத் திருப்பித் தராத சண்டை எல்லாம் மற்ற ஊர்களைவிட எங்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தன. அவற்றை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல எங்களுக்கென்று ஒருவர் இருந்தார். அமெரிக்க அரசாங்கம் அவரை நியமிக்கவில்லை, நாங்களும் நியமிக்கவில்லை. அவராகவே வந்து உட்கார்ந்துகொண்டார்.

அவரை எல்லோரும் ஜட்ஜ் என்றுதான் கூப்பிடுவோம். குழந்தைகளுக்கு ஜட்ஜ் அங்கிள். அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய டிரைவிங் லைசென்ஸில் இருந்திருக்கும். சைதாப்பேட்டைக்காரர், ஐம்பதை நெருங்கிய பிரம்மச்சாரி, மருந்துக் கம்பெனி ஒன்றில் கெமிஸ்ட். ஒரு மாத்திரை தண்ணீரில் கரைய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. இப்படிப்பட்டவருக்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், லைப்ரரியில் கழித்துக் கட்டிய புத்தகக் குவியலில் அவர் கண்டெடுத்த ஒரு தடிப் புத்தகம்தான்.

அமெரிக்கா சுதந்திரம் வாங்கிய புதிதில் அந்தப் பக்கத்தில் ஜட்ஜாக இருந்த ஒருவரின் உத்தியோக வரலாறு அது. அட்டையும் முதல் பதினாறு பக்கமும் கிடையாது. மிச்சப் பக்கங்களில் எல்லாம் ‘நீதிபதி அவர்கள்’ என்றே இருந்ததால் அந்த மனிதரின் பெயர் கடைசிவரை யாருக்கும் தெரியாது. லைப்ரரியில் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்களே என்று நான் ஒருமுறை சொன்னேன்.

“வேணாம்ப்பா. பேர் தெரிஞ்சுட்டா அவர் யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஆயிடுவார். இப்போ நம்ம பெரியவர்” என்றார்.

பெரியவரின் கதையை ஜட்ஜ் தவணை முறையில் சொல்லுவார். சட்டக் கல்லூரிப் பக்கமே போகாதவர் பெரியவர். ஒரு வக்கீல் வீட்டில் பத்திரம் நகல் எடுத்து எடுத்தே சட்டம் படித்தவர். அவரை ஜட்ஜாகப் போட்டதற்குக் காரணம், சொந்தமாகக் குதிரையும் சட்டப் புத்தகமும் சேர்ந்து வைத்திருந்த ஆள் அந்தக் கவுன்ட்டியிலேயே அவர் ஒருவர்தான். கோர்ட்டுக்கென்று கட்டடம் இல்லாத காலம். குதிரையில் ஊர் ஊராகப் போய்ச் சாராயக் கடை மாடியிலும் வைக்கோல் கொட்டகையிலும் விசாரணை நடத்துவார். ராத்தங்கலுக்கு இடம் போதாதபோது வாதி, பிரதிவாதி, வக்கீல், ஜட்ஜ் நாலு பேரும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு காலையில் எழுந்து வழக்கைத் தொடர்வார்களாம். இதைக் கேட்கும் குழந்தைகள் எல்லாம் வழக்கை விட்டுவிட்டு, ஓரத்தில் படுத்தது யார் என்று கேட்கும்.

பெரியவருக்குக் குதிரை என்றால் எங்கள் ஜட்ஜுக்கு ஸ்டேஷன் வேகன். பக்கவாட்டில் மரப்பலகை மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய, கடுகு நிறத்து வண்டி. சனிக்கிழமை காலையில் கிளம்பினால் எங்கள் பதினோரு குடும்பங்களையும் சுற்றி வருவார். ‘சர்க்கியூட்’ என்று அதற்குப் பெயர். எந்த வீட்டில் வழக்கோ அந்த வீட்டுக் கரண்டியை வாங்கிச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவார். கோர்ட் கூடிவிட்டது என்று அர்த்தம். ஜட்ஜுக்கு ஆகாரம் கொடுப்பது வழக்கு நடக்கிற வீட்டின் பொறுப்பு. இதுவும் பெரியவர் காலத்து விதியாம், இருநூறாவது பக்கத்தில் இருக்கிறதாம். நாங்கள் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

சாட்சி சொல்வதற்கு முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். எதன்மேல் செய்வது என்று ஆரம்பத்தில் குழப்பம் இருந்தது. ஒருவர் முருகன் படம் என்றார், ஒருவர் பைபிள் என்றார், ஒருவர் பகுத்தறிவுக்காரர். எல்லோருக்கும் பொதுவாக, யாரும் பொய் சொல்ல அஞ்சுகிற ஒரு புனிதப் பொருளை ஜட்ஜ் கண்டுபிடித்தார். கிரீன் கார்டு. பீரோவிலிருந்து கார்டை எடுத்து வந்து மேஜையில் வைத்து, அதன்மேல் வலது கையை வைத்து, “நான் சொல்வதெல்லாம் உண்மை” என்று சொல்ல வேண்டும். அதன்மேல் கை வைத்தால் நாஸ்திகருக்கும் குரல் நடுங்கும்.

தீர்ப்புகள் அபாரமாக இருக்கும். ஒரு வீட்டில் ஹீட்டரைப் புருஷன் குறைப்பார், பெண்டாட்டி கூட்டுவார். ஜட்ஜ் ஜனவரி மாதத்தில் அந்த வீட்டு ஹாலில் வெறும் பனியனோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து, பல் கிட்டித்த நிலையில் பெண்டாட்டிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். இன்னொருவர், ஊரிலிருந்து வருகிற விருந்தாளிகளையெல்லாம் தன் தலையிலேயே கட்டுகிறார்கள், பதினான்கு தடவை நயாகரா பார்த்தாகிவிட்டது, இனிமேல் முடியாது என்று அழாத குறையாக மனுக் கொடுத்தார்.

“அருவி மாறிச்சா?” என்று ஜட்ஜ் கேட்டார்.

“அப்படியேதான் கொட்டுது சார்.”

“அப்ப இவருக்கு விடுதலை. இனிமே வாஷிங்டன் மட்டும் போனா போதும்.”

அவர் ஒரே ஒருமுறை நிஜக் கோர்ட்டுக்குப் போனார், அதுவும் ஸ்பீடிங் டிக்கெட்டுக்காக. ஐம்பத்தைந்து மைல் வேகத்தில் போக வேண்டிய சாலையில் அறுபத்திரண்டில் போனார் என்று போலீஸ்காரர் எழுதியிருந்தார். கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று நாங்கள் பாடம் சொல்லி அனுப்பினோம். அங்கே போய் எழுந்து நின்று, “யுவர் ஆனர், ஒரு திருத்தம். நான் போனது அறுபத்தெட்டு” என்றார். கூடப் போன நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கு வெட்கப்பட்டது அவருக்காக.

பெரியவரின் கதையில் எங்கள் ஜட்ஜுக்கு உயிரான இடம் மாட்டு வழக்குதான். ஒரு மாட்டுக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாட, ஊரில் மரியாதைப்பட்ட ஒருவர் சாட்சியை நம்பிப் பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சில வருஷம் கழித்து அந்தச் சாட்சி பொய் என்று தெரிந்தது. பெரியவர் குதிரையில் ஏறி, தான் கோர்ட் நடத்திய ஊர் ஒவ்வொன்றுக்கும் போய், நின்றுகொண்டு, ‘நான் தவறாகத் தீர்ப்பளித்தேன்’ என்று வாசித்தாராம். கடைசி ஊரில் வாசித்து முடித்துப் பதவியையும் விட்டாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எங்களில் யாராவது ஒருவர் சமையலறைப் பக்கம் பார்த்துக் கண்ணடிப்பார். அதில் முதல் ஆள் நான்.

இனி என் வழக்குக்கு வருகிறேன். இத்தனை நேரம் சுற்றி வளைத்ததே அதைத் தள்ளிப்போடத்தான்.

எங்கள் பதினோரு குடும்பங்களில் கல்பனா திருச்சிக்காரி. கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நின்றதால் தங்கை கல்யாணத்துக்கு அவளால் ஊருக்குப் போக முடியவில்லை. கல்யாணத்தை வீடியோ எடுத்து அனுப்பினார்கள். இந்தியக் கேசட் இந்த ஊர் மெஷினில் ஓடாது என்பதால் நியூயார்க்கில் ஒரு கடைக்குக் கொண்டுபோய் மாற்றி வாங்கிக்கொண்டு, மூலத்தைத் திருச்சிக்கே திருப்பி அனுப்பினாள். அந்தக் காலத்தில் யார் வீட்டுக் கல்யாண கேசட் வந்தாலும் எல்லா வீட்டுக்கும் போய் வர வேண்டும். மாப்பிள்ளை யார், பெண் யார் என்று தெரியாமலே நாதஸ்வரத்துக்காகப் பார்ப்போம். கேசட் பெட்டிக்குள் ஒரு பேப்பர் இருக்கும். வாங்குகிறவர் தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஜட்ஜின் பழைய தீர்ப்பு ஒன்று.

கேசட் என் வீட்டில் இருந்த வாரம், என் மனைவி சாந்தி ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி லேப் டியூட்டிக்குப் போயிருந்தாள். என் ஆபீஸில் திங்கட்கிழமை ஆனால் எல்லோரும் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தைப் பற்றியே பேசுவார்கள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஓர் ஆட்டத்தைப் பதிவு செய்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தாவது கற்றுக்கொண்டுவிடுவது என்று முடிவு செய்தேன். புதுக் கேசட் இல்லை. டிவிமேல் ஒரு பழைய சினிமாக் கேசட் கிடந்தது, அதில் அழித்து எழுதலாம் என்று எடுத்தேன். கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும், அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதிவாகாது. இதில் உடைந்திருந்தது. அதற்கென்ன, அந்த ஓட்டையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டினால் மெஷின் ஏமாந்துவிடும். ஒட்டினேன், பட்டனை அமுக்கினேன், சோபாவில் தூங்கிப்போனேன்.

எழுந்து ஓட்டிப் பார்த்தபோது கடைசியில் இரண்டு நிமிஷம் யாரோ தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எடுத்தது சினிமாக் கேசட் அல்ல.

அப்போதே கல்பனாவுக்கு போன் செய்திருக்கலாம். திட்டியிருப்பாள், அத்தோடு போயிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒட்டிய டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பசை தெரியாமல் துடைத்தேன். மறுநாள் காலையில் கேசட் சுற்றில் அடுத்தவரான அருளிடம் கொண்டுபோய்க் கொடுத்து, “சூப்பர் கல்யாணம், அவசியம் பாருங்க” என்று வேறு சொன்னேன்.

அருள் யாழ்ப்பாணத்துக்காரர், என்ஜினியர். மனைவி, நடை பழகிய ஒரு பெண் குழந்தை. கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்த வருஷம் அது. அவருடைய அம்மாவும் தம்பியும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி யாழ்ப்பாணம் போனார்கள் என்பதுவரைதான் செய்தி. கடிதம் இல்லை. அந்த வீட்டில் ரேடியோ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, கல்யாணம் பார்க்கிற மனநிலையில் யாரும் இல்லை. கேசட் மூன்று வாரம் அலமாரியில் கிடந்து, பார்க்கப்படாமலே கல்பனாவிடம் போனது.

அந்த மூன்று வாரத்துக்குள் கல்பனாவின் அப்பா திருச்சியில் மாரடைப்பில் போய்விட்டார். அதற்கும் அவளால் போக முடியவில்லை. கேசட் வந்ததும், அப்பா கேமராவைப் பார்த்து, ‘கல்பனா, நீ இல்லாதது ஒண்ணுதாம்மா குறை’ என்று சொல்லுகிற இடத்தைப் பார்க்கப் போட்டிருக்கிறாள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு இருபத்திரண்டு பேர் ஓடியிருக்கிறார்கள். திருச்சிக்குப் போன் செய்து கேட்டதில், அங்கே இருந்த மூலக் கேசட்டில் பூஞ்சை பிடித்து எப்போதோ வீணாகியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கல்பனா வீட்டில் கோர்ட் கூடியது. கரண்டியால் தட்டும்போது ஜட்ஜின் கை வழக்கம்போல் துள்ளவில்லை. கேசட் பெட்டிப் பேப்பரில் கடைசி இரண்டு கையெழுத்து என்னுடையதும் அருளுடையதும்தான். என்னை முதலில் கூப்பிட்டார்.

“கிரீன் கார்டு எடுத்துட்டு வந்தியா ரவி?”

“கார்டு இன்னும் வரல சார். அப்ரூவல் லெட்டர்தான் இருக்கு.”

“லெட்டர் மேல வை. உன் வீட்டுல இருந்து போகும்போது அதுல கல்யாணம் இருந்துதா?”

பக்கத்தில் சாந்தி, “நாங்க ரெண்டு பேரும் ஃபுல்லா பார்த்தோமே அங்கிள், நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள். வெள்ளிக்கிழமை பார்த்ததைச் சொன்னாள், உண்மையைத்தான் சொன்னாள். நான் லெட்டரின்மேல் கையை வைத்து, “இருந்துச்சு சார்” என்றேன். குரல் நடுங்கவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அருள் எழுந்தார். “நாங்கள் அதைப் போட்டே பாக்கேல்லை ஐயா. ஆனா மூண்டு கிழமை எங்கட வீட்டிலைதானே கிடந்தது. சின்னவள் ஏதும் அமத்தினாளோ தெரியாது. பிழை எங்கட பக்கமா இருக்கலாம்” என்றார். கல்பனா பக்கம் திரும்பி, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி” என்று கைகூப்பினார்.

தீர்ப்பு இரண்டே வரி. அருள் வீட்டுக் கவனக்குறைவு. இனிமேல் அந்த வீட்டுக்குக் கேசட் போகாது. ஜட்ஜ் சொன்னது அவ்வளவுதான், மிச்சத்தை நாங்கள் செய்தோம். அப்பாவின் குரலை அழித்தவர்கள் என்று சொல்லி அவர்களை யாரும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. பிறந்தநாளுக்கு இல்லை, தீபாவளிக்கு இல்லை. ஊரில் எல்லாம் எரிந்துபோன ஒரு குடும்பத்துக்கு இங்கே இருந்தது நாங்கள் பத்து வீடுதான். அதையும் நான் பிடுங்கினேன். கடையில் அருளைப் பார்த்தால் அவரே முந்திக்கொண்டு, “எப்பிடி இருக்கிறியள்?” என்று கேட்பார். நான் மிளகாய்த்தூள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிப்பேன்.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு சனிக்கிழமை, பனி கொட்டிக்கொண்டிருந்தது. கல்பனாவிடமிருந்து போன் வந்தது. ஜட்ஜ் வந்து ஹாலில் நின்று என்னமோ வாசித்துவிட்டுப் போகிறார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை என்றாள். அடுத்து நயாகரா வீட்டிலிருந்து போன். அடுத்து ஹீட்டர் வீடு. எங்கள் வீடு பத்தாவது. கடைசி அருள் வீடு.

மணி மூன்றுக்கு ஸ்டேஷன் வேகன் வந்தது. ஷூவைக் கழற்றிவிட்டு, கட்டைவிரல் தெரிகிற ஓட்டைச் சாக்ஸோடு எங்கள் கார்ப்பெட்டில் நின்றார். ஒன்பது வீட்டிலும் வற்புறுத்தி ஏதாவது கொடுத்திருக்கிறார்கள், மறுக்கத் தெரியாத மனிதர். ஒரு ஏப்பம் விட்டு, “எக்ஸ்கியூஸ் மீ” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தார்.

“கல்பனா கேசட் வழக்குல நான் கொடுத்த தீர்ப்பு தப்பு. அருள் மேல குற்றம் இல்ல. தப்பு பண்ணினவன் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்க மாட்டான்னு எனக்கு அன்னிக்கே தோணியிருக்கணும். தோணல. அந்த ஆட்டம் என்னிக்கு டிவியில வந்ததுன்னு பார்த்திருக்கணும். பார்க்கல. இப்போ பார்த்தேன்.”

எனக்கு ஒன்றும் புரியாத அந்த மூன்று மணி நேர ஆட்டத்தை, தனக்கும் ஒன்றும் புரியாமல், அவர் நாலு தடவை பார்த்திருக்கிறார். ஸ்கோரை எழுதிக்கொண்டு லைப்ரரியில் பழைய பேப்பர் கட்டுகளைப் புரட்டியிருக்கிறார். ஆட்டம் ஒளிபரப்பானது ஞாயிற்றுக்கிழமை. அருள் கையெழுத்துப் போட்டு வாங்கியது திங்கட்கிழமை.

“ஐயோ பாவம் அருள்” என்று சாந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு ஞாயிறு, திங்கள் கணக்கெல்லாம் அந்த நிமிஷத்தில் ஓடவில்லை.

நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். சொன்னது என்ன தெரியுமா? “யாருன்னு தெரிஞ்சுதா சார்?”

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. கோபித்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை எகிறியாவது பேசியிருப்பேன். “இன்னிக்கு அது கேஸ் இல்லப்பா. இன்னிக்குக் குற்றவாளி நான் ஒருத்தன்தான்” என்றார். பேப்பரை நாலாக மடித்தார். அவ்வளவு மெதுவாக ஒரு மனிதர் பேப்பர் மடித்து நான் பார்த்ததில்லை.

“அருள் வீட்டுக்கு வழி கொஞ்சம் குழப்பமா இருக்கு. கூட வர்றியா ரவி?”

அந்த வீட்டுக்கு அவர் நூறு தடவையாவது போயிருப்பார்.

“எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு சார்” என்றேன்.

“சரிப்பா” என்று சொல்லி ஷூவை மாட்டிக்கொண்டு போனார்.

பத்து நிமிஷம் கழித்து நானும் காரை எடுத்தேன். அருளின் அப்பார்ட்மென்ட் வாசலில், ஸ்டேஷன் வேகனுக்குப் பின்னால் நிறுத்தினேன். கீழ் வீடு, ஜன்னல் வழியே ஹால் தெரிந்தது. ஜட்ஜ் நின்றுகொண்டிருந்தார். அருள் நாற்காலியை இழுத்து இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. இறங்கிப் போய்க் கதவைத் தட்ட இருபது அடி நடக்க வேண்டும். கதவுக் கைப்பிடியில் கையை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஜட்ஜ் வந்து ஜன்னல் திரையை மூடினார். நல்லதாகப் போயிற்று என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் யார் வீட்டிலும் கரண்டியை எடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் வருவார், சாப்பிடுவார், பெரியவர் கதை சொல்லுவார். யாராவது வழக்கென்று ஆரம்பித்தால், “கோர்ட் கலைஞ்சாச்சும்மா, ரசம் போடு” என்பார். அருள் குடும்பத்தைத் தேடிக்கொண்டு எல்லோரும் பண்டம் பாத்திரத்தோடு ஓடினார்கள். நான் கொஞ்ச நாளில் டெக்சாஸ் பக்கம் வேலை மாற்றிக்கொண்டு பிளானோவுக்கு வந்துவிட்டேன். சாமான் ஏற்ற வந்தவர்களில் முதல் ஆள் அருள். என் டிவியையும் வீடியோ மெஷினையும் கம்பளியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது மாதிரி லாரியில் ஏற்றினார்.

எண்பதுகளின் கடைசியில் ஜட்ஜ் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாகச் சென்னைக்குக் கிளம்பினார். வழியனுப்ப நானும் விமானமேறிப் போனேன். ஏர்போர்ட்டில் பதினோரு குடும்பமும் அவரைச் சுற்றி நின்று புளியோதரைப் பொட்டலமாகத் திணித்துக்கொண்டிருந்தபோது, நான் அருளை ஓரமாக அழைத்துப்போய் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். ஃபுட்பால், டேப், பொய்ச் சத்தியம் எல்லாம்.

அருள், “எனக்கு அண்டைக்கே தெரியும் ரவி. உங்கட கார் வெளியிலை நிண்டது” என்றார்.

“ஜட்ஜுக்கு?” என்று கேட்டேன்.

“ஐயாவும் கண்டவர். கண்டுபோட்டு, வெயில் கண்ணிலை குத்துது எண்டு யன்னல் சீலையை இழுத்து மூடினவர், நான் பாக்கக் கூடாதெண்டு. அண்டைக்கு எங்கை வெயில்? பனியெல்லோ கொட்டினது. அவர் அப்பிடி மறைக்கேக்கை நான் என்னெண்டு வந்து உங்களிட்டைக் கேக்கிறது?”

அதற்குள் ஜட்ஜ் உள்ளே போகிற வரிசையில் நின்றுவிட்டார். புளியோதரையோடு இருந்த கையை எல்லோருக்கும் பொதுவாக ஆட்டினார். அவரிடம் சொல்லவில்லை. கல்பனாவிடமும் சொல்லவில்லை. இரண்டு அடி தள்ளி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அப்போதும் சொல்லவில்லை. ஆகவே இங்கே சொல்கிறேன். கல்பனா, உங்கள் அப்பாவின் குரலை அழித்தது நான்தான். அருள் இல்லை, அவருடைய குழந்தை இல்லை, நான். மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜட்ஜ் சென்னையில் இன்னும் பல வருஷம் இருந்தார். அங்கே அவரிடம் யாரும் வழக்குக் கொண்டுவரவில்லை என்று கேள்வி. என்னைப் பற்றி எல்லாம் தெரிந்த அந்த மனிதர், கண்ணை மூடுகிறவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்குப் போன் செய்து, “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.